கவுண்ட்ஸ் நல்லாத்தான் இருந்தது

எனக்கு வந்திருந்தது ஏ.எல்.எல். வகை லுக்கீமியா, அதாவது குருதிப் புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ முடிந்து, தினமும் மெர்கப்டோபியூரின், கிழமைக்கொருக்கால் மெதோட்ரெக்சேட் என்று குளிசை விழுங்கிய காலமும் முடிந்து, அங்கே போகும் 138 பஸ்ஸை மறந்திருந்த நேரத்தில்தான் மாதவிடாய்க்கு நாளில்லாத நாளிலும் இரத்தம் படத் தொடங்கியது.

முதலில் காட்டிய பெண்நோய் டொக்டர் ஹோர்மோன் குழப்பம் என்று குளிசை எழுதினார். பழைய வருத்தத்தைச் சொன்னேன். "அதுதான் சுகமாயிட்டுதே, இரத்தக் கவுண்ட்ஸும் நல்லா இருக்கு" என்றார். பாப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

லுக்கீமியா கிளினிக்கில் என்னைப் பார்க்கும் டொக்டருக்கு அது போதவில்லை. ஸ்கானில் கருப்பைக் கழுத்து தடித்திருந்தது. என் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், கவிழ்த்து வைத்த பேரிக்காய் மாதிரி ஒரு கருப்பை கீறி, கழுத்தைப் பேனையால் கறுப்பாக்கிக் காட்டினார். லுக்கீமியாக் கலங்கள் மேல்தோலுக்குக் கீழே இருந்தால், மேலால் சுரண்டி எடுக்கும் பாப்பில் அகப்படாதாம். ஆண்களுக்கு இந்த வருத்தம் விதையில் திரும்பி வருவது தெரிந்த விஷயம். பெண்களுக்குச் சூலகத்திலோ கருப்பையிலோ வருவது அபூர்வம், ஆனால் வரும் என்றார்.

துண்டு எடுத்துப் பார்த்த முதல் றிப்போட்டில் "சிறிய வட்டக் கலங்கள், லிம்போமாவா?" என்று, நிணநீர்ப் புற்றுநோயோ என்ற கேள்விக்குறியோடு முடித்திருந்தார்கள். அனுப்பிய படிவத்தில் "இரத்தப் போக்கு" என்று மட்டும் இருந்ததாம். ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு என்னைத் தெரியாது, அந்தத் தாளைத்தான் தெரியும். இரண்டாவது படிவத்தில் "முன்பு ஏ.எல்.எல்." என்று டொக்டர் சிவப்பு மையில் எழுதினார். அந்தத் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளொக்கை இன்னொரு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனது தம்பி. காலி வீதி வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று கடித உறையைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். வாங்கியவர் சிரித்தாராம். இந்தக் கலங்களை அடையாளம் காட்டும் டி.டி.டி., சி.டி.19 இரண்டு சாயமும் பிடித்தன. பழைய வருத்தமேதான்.

எலும்பு மச்சையில் ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் இருந்து பார்க்க வந்த பெரியம்மா, "அப்ப கர்ப்பப்பையை எடுத்துவிட்டா முடிஞ்சுதே பிள்ளை, என்னத்துக்குத் திரும்ப மருந்து?" என்றார். நானும் அதைத்தான் டொக்டரிடம் கேட்டிருந்தேன். ஓரிடத்தில் தலைகாட்டினால் உடம்பு முழுக்க இருக்கிறதென்றே எடுக்க வேண்டும், வெட்டிவிட்டுச் சும்மா இருந்தால் பெரும்பாலும் மச்சையிலும் வந்துவிடும் என்றார். ஆகவே திரும்பவும் வார்ட், திரும்பவும் கீமோ, முள்ளந்தண்டு ஊசியும் சேர்த்து. வார்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சாப்பாட்டு மணம் கூட மாறவில்லை.

என்னை உலுக்கியது வேறொரு பதில். சூலகத் துண்டை உறைய வைத்து, பிள்ளை வேணுமென்றால் பிறகு திருப்பி வைக்கலாமா என்று கேட்டேன். லுக்கீமியாக்காரருக்கு அது ஆபத்து, துண்டுக்குள்ளேயே அந்தக் கலங்கள் ஒளிந்திருந்து திரும்ப உடம்புக்குள் வரலாம் என்றார். நேர்ஸ் மிஸ் ஒருவர் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனார். அன்று அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் சுற்று மருந்தோடு இரத்தம் படுவது நின்றது. எம்.ஆர்.ஐ.யிலும் தடிப்பு குறைந்திருக்கிறது. இனி மச்சை மாற்றுச் சிகிச்சை என்கிறார்கள். கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தானாம். தம்பியின் இரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கிறது.