பேனலைத் திறக்காமலே அதன் விளக்கை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்த கதை

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, மோட்டார் பேனல் இருப்பது கீழே மாடிப்படிக்கு அடியில். சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், தண்ணீர் தீர்ந்தால் மோட்டார் தானாக நின்று 'ட்ரை ரன்' சிவப்பு விளக்கு எரியும், யாராவது போய் ரீசெட் அழுத்தும்வரை எரிந்துகொண்டே இருக்கும், மோட்டாரும் ஓடாது. காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து சம்ப் நிறைந்துவிடும், ஆனால் மேல் டேங்க் காலி என்பது அம்மா குழாயைத் திறக்கும்போதுதான் தெரியும்.

பேனலைத் திறந்து ஒரு ஒயர் இழுத்தால் முடிந்தது என்று தோன்றும். செய்யாதீர்கள். உள்ளே 230 வோல்ட், அதோடு சில பேனல்களில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, எல்.இ.டி.யின் காலைத் தொட்டாலும் ஷாக்தான். பேனலும் ஓனருடையது. விளக்கு எரிவது வெளியே கண்ணுக்குத் தெரிகிறதல்லவா, நம் கண் பார்ப்பதை ஒரு எல்.டி.ஆர். (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் சென்சார்) பார்த்தால் போதும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இரண்டு எல்.டி.ஆர்., ஒரு எல்.எம். 393 வாங்கினேன். இரண்டு வோல்ட்டேஜில் எது பெரிது என்று சொல்லும் கம்பரேட்டர் இரண்டு உள்ள சிப் அது. எல்.டி.ஆரும் 10 கிலோஓம் ரெசிஸ்டரும் தொடராக, 5 வோல்ட்டில். இருட்டில் எல்.டி.ஆர். ஒரு மெகாஓமுக்கு மேல் போகிறது, நடுப்புள்ளியில் வோல்ட்டேஜ் ஏறக்குறைய சைபர். சிவப்பு விளக்கின் மேல் வைத்தால் 6 கிலோஓம், அதாவது 3.1 வோல்ட். 2 வோல்ட்டில் எல்லையை வைத்தேன், அதைத் தாண்டினால் மேலே எங்கள் அடுக்களையில் வைத்த சின்ன விளக்கு எரியும்.

இரண்டு நாள் நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குப் பிறகு அடுக்களை விளக்கு தானாக எரிந்தது, கீழே போய்ப் பார்த்தால் பேனல் அணைந்துதான் இருக்கிறது. கேட் வழியாக வரும் வெயில் நேராகப் படியில் விழும் நேரம் அது. சென்சாரைச் சுற்றி கறுப்பு ஸ்லீவ் போட்டிருந்தேன், ஆனால் அதை ஒட்டியது க்ளூ கன் பசையால், அந்தப் பசை பனிக்கட்டி மாதிரி வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. விரலால் பசையின் ஓரத்தை மறைத்தேன், மேலே விளக்கு அணைந்துவிட்டது. பசைமேல் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கலாம்தான், ஆனால் நான் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு கறுப்பு ரப்பர் வாஷரை டபுள் டேப்பில் ஒட்டினேன். இன்றுவரை பிரச்சினை இல்லை.

அப்புறம் இரண்டு விஷயம். எல்லைக்குப் பக்கத்தில் வோல்ட்டேஜ் ஊசலாடினால் மேல் விளக்கு மினுக்கும், எல்.எம். 393-இன் வெளியீட்டிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு 220 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் அது நிற்கும். இன்னொன்று, எல்.டி.ஆரை மட்டும் கீழே வைத்து சிக்னலை அப்படியே 15 மீட்டர் இழுக்காதீர்கள், பக்கத்திலேயே மோட்டார் ஒயர் ஓடுகிறது. சர்க்யூட் முழுக்கக் கீழேயே இருக்கட்டும், மேலே வருவது எரி, அணை என்பது மட்டும். பழைய லேன் கேபிள் போதும், கடைசியில் ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர் அடுக்களை விளக்கை எரிக்கிறது.

மோட்டார் ஓடும்போது எரியும் பச்சை விளக்கையும் இங்கேயே காட்டு என்கிறார் அம்மா. எல்.எம். 393-இல் இன்னொரு பாதி சும்மாதான் இருக்கிறது, இரண்டாவது எல்.டி.ஆரும் கையில் உண்டு, சிவப்பைவிடப் பச்சை அதற்கு இன்னும் நன்றாகத் தெரியும். வாஷர் ஒன்றுதான் வாங்க வேண்டும்.