தண்ணிய வடிச்சது தப்பா சார்?

இந்தக் கேள்வி 2021 ஜனவரியில் ஒரு விவசாயி என்னிடம் கேட்டது. பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்துவிட்டது. சேதக் கணக்கெடுப்புக்கு வேளாண்மைத் துறையிலிருந்து நான், வருவாய்த் துறையிலிருந்து விஏஓ. வயல் வயலாகப் போய்ப் பார்த்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால் நிவாரணம். தொடாவிட்டால் ஒன்றுமே கிடையாது.

அந்த விவசாயிக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். மழை விட்டதும் ஆயில் இன்ஜின் வாடகைக்குப் பிடித்து இரண்டு ராத்திரி இறைத்திருக்கிறார். அவரும் வீட்டம்மாவும் சாய்ந்த பயிரைப் பிடி பிடியாகத் தூக்கி, தாளையே முறுக்கி முடிச்சுப் போட்டு நிமிர்த்தியிருந்தார்கள். வரப்பில் நின்று பார்த்தால் வரிசை வரிசையாக முடிச்சுகள். பள்ளத்துப் பக்கம் மட்டும் கதிர் தண்ணீரிலேயே கிடந்து முளைத்துவிட்டது. முக்கால் மா இருக்கும். 25 என்று எழுதினேன்.

பக்கத்து வயல்காரர் வெளியூரில் இருக்கிறார். மடை திறக்கக்கூட ஆள் வரவில்லை. கதிரைக் கையில் எடுத்தால் நெல்லுக்கு நெல் வெள்ளை முளை. அங்கே 80 போட்டேன்.

நான் எழுதியதை எட்டிப் பார்த்த அந்த விவசாயி சத்தம் போடவில்லை. "ஒரு மா முழுசாப் போயிருந்தா வந்திருக்கும், அப்படித்தானே? அப்ப நான் தண்ணிய வடிச்சது தப்பா சார்?"

"விதி அப்படிங்கய்யா. நான் என்ன பண்ண முடியும்?" என்றேன்.

இன்றைக்கும் என் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். நிவாரணம் இழப்புக்குத்தான், உழைப்புக்கு இல்லை. அந்த வருஷம் அரசு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்ததை 20,000 ஆக்கியது. இரண்டு ஹெக்டேர் வரம்பையும் எடுத்துவிட்டது. அத்தனை பணம் எங்கள் கண் மதிப்பை நம்பித்தான் போகிறது. அதற்கு முந்தைய வருஷம்தான் பிரதமர் கிசான் திட்டத்தில் லட்சக்கணக்கில் தகுதியில்லாதவர்களைச் சேர்த்தது வெளிவந்து, கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலிக்கும் நிலை வந்தது. அதன்பிறகு எங்களில் பலருக்கும் பேனாவைத் திறக்கவே பயம். இவருக்கு எட்டு சதவீதம் ஏற்றினால் அடுத்த வரப்பில் நிற்பவருக்கு என்ன சொல்வேன்?

இப்படி நினைத்து முடிக்கும்போதே அன்று சாயங்காலம் ஞாபகம் வந்துவிடும். வேறொரு தெருவைச் சேர்ந்த, கணவரை இழந்த ஒரு அம்மாவின் வயல். என் கண்ணுக்கு 30தான் தெரிந்தது. 35 எழுதினேன். அவர் எதுவும் கேட்கவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். விஏஓவும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அதை எழுதியதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் காலையில் என்னைத் தடுத்தது விதி என்று இனி எப்படிச் சொல்வது? அந்த விவசாயி கேள்வி கேட்டார், அதனால் நான் இறுகிப்போனேனோ என்னவோ. இல்லை, காலையில் நிஜமாகவே நேர்மையாக இருந்து சாயங்காலம் தளர்ந்துவிட்டேனா? ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று சரியாகப் படுகிறது.

அவருக்கு வந்திருந்தால் சுமார் 8,000 ரூபாய். இன்ஜின் வாடகையும் டீசலும் போக என்ன மிஞ்சியிருக்குமோ. "தப்பில்லைங்கய்யா" என்ற ஒரு சொல்லுக்குப் பணம் காசு எதுவும் தேவையில்லை. அதைக்கூட நான் சொல்லவில்லை.

இதையெல்லாம்விட இன்னொன்றுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நிமிர்த்திக் கட்டிய பயிரை எல்லாம் நல்ல பயிர் என்று எண்ணிக் கணக்கில் விட்டேன். மூன்று நாள் தண்ணீரில் கிடந்து எழுந்த கதிரில் பதர் எவ்வளவு, கறுத்த நெல் எவ்வளவு என்று கையில் உருவிப் பார்த்தால்தான் தெரியும். அது எனக்குத் தெரியாததா? படித்ததே அதைத்தான். பார்த்திருந்தால் 33 தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் போயிருக்கலாம். அன்றைக்கு இன்னும் நாற்பது வயல் பாக்கி இருந்தது. அவர்கள் கட்டி வைத்த முடிச்சுகளில் ஒன்றைக்கூட நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை.