கோபியிலிருந்து அப்புத்தளைக்கு: 35,000 ரூபாயில் பத்து நாள்

2023 நவம்பரில் இலங்கை அரசு இந்தியர்களுக்கு விசா கட்டணத்தை எடுத்தது. 2024 மார்ச் கடைசி வரை சலுகை என்று அறிவித்திருந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் நண்பன் செய்தியைப் பார்த்ததும் கூப்பிட்டு, "போலாமாடா?" என்றான். ஆளுக்கு 35,000 ரூபாய், விமானமும் அதற்குள்ளேயே என்று பேசிக்கொண்டோம்.

அதுவரை இருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை. இணையத்தில் பதிந்து 1,500 ரூபாய் கட்டினோம். கோவையில் ஒரு முற்பகலில் வேலை முடிந்தது, அப்புறம் போலீஸ் விசாரணை, தபாலில் வீட்டுக்கே வந்துவிட்டது. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

விசா விஷயத்தில்தான் அடிபட்டோம். கட்டணம் இல்லையென்றாலும் ஈடிஏ என்ற இணைய அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டியிருந்தது. நண்பன் தேடலில் முதலில் வந்த தளத்தில் விவரத்தை நிரப்பி 4,000 ரூபாய் கட்டிவிட்டான். அது அரசுத் தளம் மாதிரியே வடிவமைத்த இடைத்தரகர் தளம். பணம் திரும்பவில்லை. இலவசமாகக் கிடைத்ததற்கு அவ்வளவு காசு கொடுத்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. முகவரி ‘ஜிஓவி டாட் எல்கே’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து ரயிலில் திருச்சி, அங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில். டாக்ஸிக்காரர்களைத் தாண்டி வெளியே வந்து 187-ஆம் எண் பஸ்ஸில் ஏறினோம். அப்போது நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் மூன்றரைக்கு மேல் கிடைத்தது. இந்தியாவிலிருந்து நம் நோட்டாக 25,000 ரூபாய் வரை எடுத்துப் போகலாம். கொழும்பில் மாற்றித் தருகிறார்கள். நாங்கள் கையில் கொஞ்சம்தான் வைத்திருந்தோம், மிச்சத்துக்குக் கார்டை நம்பினோம். கண்டியில் கார்டு வேலை செய்யவில்லை. வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் திறந்துவிட வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. திறக்கப் போனால் ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் இல்லை. தங்கியிருந்த வீட்டு அம்மா, பணத்தை மறுநாள் கொடுத்தால் போதும் என்று இரவுச் சாப்பாடும் போட்டார். இடியப்பம், பருப்பு, தேங்காய்ச் சம்பல், சொதி. நம் வீட்டில் சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவது போல அங்கே சொதி. நண்பன் அவன் அம்மிச்சியை நினைத்துக்கொண்டு நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டான். காலையில் ஊரிலிருந்து தம்பி ரோமிங் போட்டுவிட்ட பிறகுதான் கார்டு உயிர் பெற்றது.

கண்டியிலிருந்து மலைக்குப் போகும் ரயிலில் முன்பதிவு இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் அன்றைக்கே கவுன்டரில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்தோம். விலை மிகக் குறைவு. ஹட்டன் வரை நின்றுகொண்டே போனோம். கதவோரத்தில் கூடைக்காரர் பருப்பு வடையைப் பள்ளிக்கூட நோட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், செங்குத்தான இடங்களில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும். இங்கே முழு அகலப் பாதை, பல்சக்கரம் இல்லாமலே வளைந்து வளைந்து 1,890 மீட்டருக்கு மேலே, பட்டிப்பொல வரை ஏறிவிடுகிறது. குன்னூரைவிடச் சற்று உயரம். அவ்வளவு தூரமும் இரண்டு பக்கமும் தேயிலை.

அப்புத்தளையில் இறங்கினோம். மறுநாள் விடிகாலை தம்பேதன்ன தோட்டத்துக்குப் போகும் பஸ். ஆட்டோ வைத்தால் லிப்டன் சீட் என்ற காட்சி முனையின் உச்சி வரை போகலாம், ஆனால் காசு அதிகம். பஸ் நிறையக் கொழுந்து பறிக்கும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும். எல்லோரும் தமிழ் பேசினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அறுபதை நெருங்கிய அம்மா, "இந்தியாவில எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார். கோபிச்செட்டிபாளையம் அவருக்குத் தெரியவில்லை. கோயம்புத்தூர் என்றேன். "அப்ப கோத்தகிரி கிட்டயா?"

அவருடைய அக்கா கல்யாணமான கையோடு 1978-இல் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போனவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இந்திய வம்சாவளி மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரு பிள்ளை இங்கே, ஒரு பிள்ளை அங்கே. அப்படி வந்தவர்களுக்காக 1968-இல் நீலகிரியில் அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ, தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனம். கோத்தகிரியிலும் கூடலூரிலும் ‘சிலோன்காரங்க’ என்று சொல்லிச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். எங்கிருந்து, ஏன் வந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த பஸ்ஸில் எனக்கு அது உறுத்தியது.

1890-இல் தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலைக்கு முன்னால் இறங்கி, அந்த அம்மாவோடு பாதித் தூரம் நடந்தோம். அப்போது நாள் சம்பளம் அவர்கள் பணத்தில் 1,000 ரூபாய். நம் பணத்தில் 270-கூட வராது. எடை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். கூடையை மாட்டிக்கொண்டு அவர் மலைக்குள் இறங்கினார். நாங்கள் உச்சிக்குப் போனபோது மணி எட்டு. தெற்கே சமவெளி முழுவதும் தெரிந்தது. ஒன்பதரைக்கு மஞ்சு வந்து எல்லாவற்றையும் மூடியது. போகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

சாயங்காலம் அவர் சொன்ன லயத்தைத் தேடிப் போனோம். ஓர் அறை, முன்னால் சின்னத் திண்ணை. "பிளேன்டீ குடிங்க" என்று கொடுத்துவிட்டு, அக்கா இறந்துபோனதையும், அக்கா மகள் எப்போதாவது வாட்ஸ்அப்பில் பேசுவதையும் சொன்னார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் தேயிலைத் தூளை என் கையில் வைத்து, "அவகிட்ட குடுத்துருங்க தம்பி" என்றார்.

அப்புறம் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், சிகிரியா எல்லாம் போனோம். சிகிரியாவில் சார்க் நாட்டவருக்குப் பாதிக் கட்டணம், பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். மொத்தத்தில் எனக்கு 34,200 ஆனது. நண்பனுக்கு அந்த 4,000-ஆல் கணக்கு தாண்டிவிட்டது.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு, மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிக் கோத்தகிரி போனோம். அக்கா மகள் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்: "பால் தீந்து போச்சுங்க, பிளேன்டீ குடிப்பீங்களா?"