மார்த்தாண்டம் லேப்டாப்: என்விடியாவைத் தூங்க வைத்த கணக்கு

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோ லேப்டாப் இது. 10-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, கூடவே என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 என்ற தனி கிராபிக்ஸ் சிப். டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். புகார் இரண்டு. எச்டிஎம்ஐயில் டிவியை மாட்டினால் படம் வருவதில்லை. ஆனி ஆடிச் சாரலில் கரண்ட் போனால் பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.

(கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அங்கேயே சொல்லியிருக்கிறது.)

முதல் சனிக்கிழமை: டிரைவர் இருக்கிறதா?

லேப்டாப் திரை ஒழுங்காக வருவதால் டிரைவர் சரி என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். இந்த வகை லேப்டாப்பில் திரை இன்டெலின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸோடு இணைந்திருக்கும். என்விடியா செத்துக் கிடந்தாலும் டெஸ்க்டாப் பளிச்சென்று வரும். இந்த மாடலில் எச்டிஎம்ஐ போர்ட்டின் கம்பி போவது என்விடியாவுக்கு. அதனால் அங்கே மட்டும் இருட்டு.

முதலில் 'எல்எஸ்பிசிஐ -கே': எந்தச் சிப்பை எந்த டிரைவர் கவனிக்கிறது என்று காட்டும். என்விடியா வரியில் 'விஜிஏ' என்று இருந்தால் பெரும்பாலும் வெளித்திரை போர்ட் அதோடு சேர்ந்திருக்கும். '3டி கன்ட்ரோலர்' என்று இருந்தால் அந்தச் சிப்புக்குத் திரை வாசலே கிடையாது. இங்கே விஜிஏ. ஆனால் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியையே காணோம். என்விடியா டிரைவர் பேக்கேஜ் ஏறும்போதே, லினக்ஸோடு வரும் திறந்தமூல டிரைவரான நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுகிறது. என்விடியா மாட்யூலும் (கர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) ஏறவில்லை. ஆக, சிப்பைக் கவனிக்க ஆளில்லை.

கர்னலுக்கேற்ப மாட்யூலைக் கட்டித் தருவது டிகேஎம்எஸ். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் 'ஆடட்' என்று மட்டும் வந்தது. 'இன்ஸ்டால்டு' என்று வரவேண்டும். கர்னல் ஹெடர் (மாட்யூல் கட்டத் தேவையான ஃபைல்கள்) இல்லாததால் மாட்யூல் கட்டப்படவே இல்லை. இன்ஸ்டால் முடியும்போது ஓடி மறைகிற வரிகளில் அந்த எச்சரிக்கை இருக்கும், யாரும் படிப்பதில்லை. 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' என்ற மெட்டா பேக்கேஜைப் போடவேண்டும். பதிப்பு எண்ணோடு உள்ளதைப் போட்டால் அடுத்த கர்னல் அப்டேட்டில் இதே கதை.

கட்டி முடித்து 'மாட்புரோப் என்விடியா' கொடுத்தால், 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'. காரணம் செக்யூர் பூட்: கையொப்பச் சாவி பதியாத மாட்யூலை ஏறவிடாது. பயாஸில் அதை அணைத்துவிடுவதுதான் பலர் செய்வது. சாவியைப் பதிந்துவிட்டால் அதற்குத் தேவையே இல்லை. 'மோக்யூடில் --இம்போர்ட் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/மோக்.பப்' என்று கொடுத்து, ஒருமுறைக்கான பாஸ்வேர்டு வைத்து ரீபூட். நீலத் திரை ஒன்று சுமார் 10 விநாடி நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி 'என்ரோல் மோக்' போகவேண்டும். விட்டுவிட்டால் முதலிலிருந்து இம்போர்ட். அந்தத் திரை அமெரிக்க விசைப்பலகையைத்தான் புரிந்துகொள்ளும், எனவே பாஸ்வேர்டில் குறியீடுகள் வேண்டாம்.

மாட்யூல் ஏறியது. 'எக்ஸ்ரேண்டர் --லிஸ்ட்புரோவைடர்ஸ்' கொடுத்தால் 'மோட்செட்டிங்', 'என்விடியா-ஜி0' என இரண்டு பெயர். டிவியில் படம் வந்துவிட்டது.

அடுத்த சனி: யார் வரைகிறார்கள்?

டெஸ்க்டாப்பை இன்டெல் வரையும், கேட்டால் மட்டும் என்விடியா வரையும். கேட்பதற்கு நிரலின் முன்னால் இரண்டு மாறிகள், இவை பெரிய எழுத்தில்: '__என்வி_பிரைம்_ரெண்டர்_ஆஃப்லோடு=1', '__ஜிஎல்எக்ஸ்_வெண்டர்_லைப்ரரி_நேம்=என்விடியா' (கடைசிச் சொல் சிற்றெழுத்து). முன்னால் இருப்பது இரண்டு அடிக்கோடு. இரண்டாவது மாறியில் அடிக்கோடு ஒன்றை விட்டால் பிழை எதுவும் வராது, சத்தமில்லாமல் இன்டெலே வரைந்து தரும். 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி' யில் (பி பெரிய எழுத்து) ரெண்டரர் பெயரைப் பார்த்தபிறகுதான் நம்பவேண்டும்.

கேடன்லைவ் என்ற எடிட்டரில் எச்.264 ஏற்றுமதிக்கு இந்த மாறிகள் தேவையே இல்லை. என்வென்க் (வீடியோ என்கோடர்), கூடா (கணக்கீட்டு வழி) இரண்டும் நேராக என்விடியாவிடம் போகும். 'லிப்என்விடியா-என்கோட்1' பேக்கேஜ் இருந்தால் போதும். மாறிகளைப் போட்டு கேடன்லைவையே திறந்து வைத்தால் எடிட் முடியும்வரை பேட்டரியைத் தின்னும்.

மூன்றாவது சனி: தூக்கம்

பேட்டரி விஷயத்துக்கு இந்த ஒரே ஃபைல் போதும்: '/சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:01:00.0/பவர்/ரன்டைம்_ஸ்டேட்டஸ்'. 'சஸ்பெண்டட்' என்றால் தூக்கம், 'ஆக்டிவ்' என்றால் விழிப்பு. சும்மா டெஸ்க்டாப் மட்டும் திறந்திருக்கும்போதும் இங்கே 'ஆக்டிவ்'. பேட்டரியான பிஏடி0-வின் (பிஏடி பெரிய எழுத்து) 'பவர்_நவ்' 1,48,00,000. இது மைக்ரோவாட், அதாவது 14.8 வாட். சில லேப்டாப்பில் இந்த ஃபைல் இருக்காது, 'கரன்ட்_நவ்', 'வோல்டேஜ்_நவ்' இரண்டையும் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

என்விடியா சிப்களில் டூரிங் தலைமுறையில் (இந்த 1650 அதுதான்) முழுத் தூக்கத்தை நாமாகத்தான் கேட்டு வாங்கவேண்டும். அடுத்த தலைமுறையான ஆம்பியரிலிருந்து அது தானாகவே வரும். டூரிங்குக்கு முந்திய பாஸ்கலுக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் இந்த வழி கிடையாது, எம்எக்ஸ்250 வைத்திருப்பவர்கள் இதில் மெனக்கெட வேண்டாம். மாட்யூல் அமைப்புகள் இருக்கும் மாட்புரோப்.டி ஃபோல்டரில் 'ஆப்ஷன்ஸ் என்விடியா' என்று தொடங்கி 'என்விரெக்_டைனமிக்பவர்மேனேஜ்மென்ட்=0எக்ஸ்02' (என், வி, டி, பி, எம் ஐந்தும் பெரிய எழுத்து, சொல் தொடக்கத்தில்) எழுதி ரீபூட் செய்தால் ஒரு மாற்றமும் இல்லை. டெபியனில் மாட்யூலின் உண்மைப் பெயர் 'என்விடியா-கரன்ட்'. வேறு டிஸ்ட்ரோவுக்கு எழுதிய குறிப்பைப் பார்த்துச் செய்தால் இங்கேதான் மாட்டும். பெயரைத் திருத்தி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு', ரீபூட். '/புரோக்/டிரைவர்/என்விடியா/பேராம்ஸ்' ஃபைலில் மதிப்பு 2 ஆனதா என்று பார்த்தபிறகு அடுத்த வேலை.

கூடவே யூடெவ் (சாதனங்களுக்கு அமைப்பு போடும் சேவை) விதி: வெண்டர் 0எக்ஸ்10டிஇ, கிளாஸ் 0எக்ஸ்030000, 'பவர்/கன்ட்ரோல்' ஆட்டோ. 01:00.1 என்ற எச்டிஎம்ஐ ஆடியோவுக்கும் அதே ஆட்டோ வேண்டும். ஒரே சிப்பின் இரண்டு முகங்கள் இவை. ஒன்று விழித்திருந்தால் மற்றது தூங்காது.

இவ்வளவுக்குப் பிறகும் 'ஆக்டிவ்'. 'ஃப்யூசர் -வி /டெவ்/என்விடியா*' கொடுத்து, சிப்பைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்தால் எக்ஸ்ஆர்க் (திரை சர்வர்) மட்டும் காட்டியது. அது இருக்கலாம், தூக்கத்தைக் கெடுக்காது. கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டியபோது நடுவில் ஒருமுறை மின்னி மறைந்தது 'என்விடியா-எஸ்எம்ஐ' (சிப்பின் நிலை காட்டும் கருவி). பேனலில் வெப்பநிலை காட்டும் சின்னப் பெட்டி ஒன்று, 2 விநாடிக்கு ஒருமுறை அதை ஓட்டிக்கொண்டிருந்தது. தூங்குகிறாயா என்று தட்டித் தட்டிக் கேட்டால் எந்தப் பிள்ளை தூங்கும்? பெட்டியை எடுத்ததும் சில விநாடிகளில் 'சஸ்பெண்டட்'. பவர்_நவ் 7.6 வாட்.

இதே காரணத்தால்தான் தூக்கத்தைச் சோதிக்க என்விடியா-எஸ்எம்ஐயைப் பயன்படுத்தக் கூடாது. ஓட்டினாலே சிப் எழுந்துவிடும். ரன்டைம்_ஸ்டேட்டஸை 'கேட்' செய்தால் எழாது.

விசிறிச் சத்தம் பாதி குறைந்தது. மீதிச் சத்தம் டிரைவர் வேலை இல்லை: குளச்சல், முட்டம் பக்கம் ஷூட்டிங் போய்வந்த லேப்டாப், ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே தூசியும் உப்புப் பிசுக்கும் அடையாகக் கிடந்தன. உலர்ந்த பிரஷ் போட்டுத் துடைத்தாயிற்று.

எச்டிஎம்ஐயில் டிவி வேலை செய்யும்வரை சிப் 'ஆக்டிவ்' ஆகத்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. கரண்ட் போனதும் முதலில் கேபிளைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறது.