மயில்கழுத்து வளையல் யாருடைய டிசைன்?

"நீ சொன்னதும் பண்ணேன், நானா போட்டதும் பண்ணேன், எல்லாம் ஒரே பெட்டிலதான் போச்சு. எனக்கு எப்படிப் பிரிச்சுப் பாக்கத் தெரியும்? எது எதுன்னு எழுதிக் குடுத்துடு பாப்பா, நான் பாத்து நடந்துக்கிறேன்."

என் டிசைனை மட்டும் வெளியே விற்காதீர்கள் என்று நான் கேட்டதற்கு, எனக்குக் கூலிக்கு வளையல் சுற்றிக் கொடுக்கும் அக்கா சொன்ன பதில் இவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கையில் இருந்த கடா என்கிற அகலமான வளையலில் பாதிதான் நூல் சுற்றியிருந்தது. அதைச் சுற்றி முடித்துவிட்டு அடுத்து பேசியதும் பசை தீரப்போகிறது என்பதைப் பற்றித்தான். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் அந்தப் பேச்சு மனசுக்குள் ஓட ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

நான் சில்க் த்ரெட் வளையல் வியாபாரம் ஆரம்பித்தது 2020 ஊரடங்கில். அப்போது வீட்டுக்கு வீடு ஆரம்பித்தார்கள், நானும் ஆரம்பித்தேன். இன்ஸ்டாகிராமில் படம் போடுவது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது, ஜிபேயில் பணம் வந்ததும் கூரியர் போடுவது. பெரிய விற்பனைத் தளங்களுக்கு ஏன் போகவில்லை என்று நிறைய பேர் கேட்பார்கள். அப்போதெல்லாம் ஜிஎஸ்டி பதிவுக்கான 40 லட்ச வரம்புக்கு வருட விற்பனை எவ்வளவு கீழே இருந்தாலும், அங்கே விற்க ஜிஎஸ்டி எண் வேண்டியிருந்தது. மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சின்ன வியாபாரிகளுக்கு அதைத் தளர்த்தியதே 2023 அக்டோபரில்தான். அதற்குள் எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் இன்ஸ்டாவிலேயே ஊறிவிட்டோம். அதில் ஒரு வசதி, செலவில்லாமல் கடை போடலாம். ஒரு தொல்லை, காலையில் போட்ட டிசைன் சாயங்காலம் வேறொரு பக்கத்தில் வேறொரு விலையில் இருக்கும். அதற்கெல்லாம் நான் பழகியிருந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்தே அப்படி வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

ஆர்டர் கூடியதும் தனியாகச் சமாளிக்க முடியாமல் அக்காவிடம் கேட்டேன். அவர் முன்பு மெப்ஸில், அதாவது தாம்பரத்தில் இருக்கிற ஏற்றுமதி வளாகத்தில், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலையில் இருந்தவர். அந்தக் கண் அப்படியே இருந்தது. நான் சுற்றிய வளையலைத் திருப்பி உள்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். எல்லோரும் வெளியே பார்ப்பார்கள், அவர் உள்ளே நூல் ஏறி உட்கார்ந்திருக்கிற இடத்தை நகத்தால் தடவி, "இங்க தடிக்குது, கைய அறுக்கும்" என்றார்.

அவர் சுற்றுவதைப் பார்க்கவேண்டும். நூலை ஒரு அட்டையில் பல சுற்று சுற்றி ஒரு ஓரத்தில் வெட்டினால் ஒரே நீளத்தில் இழைகள் கிடைக்கும். அதில் ஆறு இழையைச் சேர்த்துப் பிடித்து, முனையை வளையலின் உள்பக்கம் ஒட்டி, இழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் கட்டைவிரலால் பட்டையாகத் தள்ளித் தள்ளிச் சுற்றுவார். வெளிர் நிறங்களை, பேபி பிங்க், சந்தனம், இதையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுவார். வெயில் ஏறிவிட்டால் கை வியர்வை பட்டு நூல் மங்கிவிடும் என்பார். இது நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

அளவு விஷயமும் அப்படித்தான். 2.10 என்பது 2.2-க்கும் 2.4-க்கும் கீழே என்று நினைத்து ஆர்டர் போடுகிற வாடிக்கையாளர்கள் உண்டு. புள்ளிக்குப் பிறகு வருவது பதினாறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு, அதனால் 2.10 என்பது 2.8-ஐ விடப் பெரியது. நான் அதை ஒரு படமாகவே போட்டு வைத்திருக்கிறேன், அப்படியும் தவறான அளவு வரும். அக்கா எங்கள் தெருப் பெண்களின் கையைப் பார்த்தே 2.6 என்பார், சரியாக இருக்கும்.

இப்போது மயில்கழுத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் சிக்கியிருக்கிறது.

ஒரு வளைகாப்பு ஆர்டர். மயில்கழுத்து நிறப் பட்டு, அரக்கு பார்டர். புடவையின் படத்தை அனுப்பி அதற்கேற்ற வளையல் கேட்டார்கள். கடையில் மயில்கழுத்து என்று விற்கிற நூல் ரீல் உண்டு. ஆனால் அது ஒரே நிறமாகச் செத்துக் கிடக்கும். பட்டில் ஊடும் பாவும் வேறு வேறு நிறம், அதனால்தான் அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிகிறது. வளையலில் அது வரவேண்டும் என்றால் மூன்று இழை நீலம், மூன்று இழை பச்சை சேர்த்துச் சுற்றவேண்டும். சுற்றி, இரண்டு ஓரமும் அரக்கு கட்டி, நடுவில் அரை முத்து வரிசை வைத்தோம். இன்றுவரை எங்களிடம் அதிகம் போகிற செட் அதுதான். இரண்டு கடா, நான்கு மெல்லிய வளையல், 480 ரூபாய்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் அதே செட்டின் படத்தை அனுப்பி, "இது 280-க்குக் கிடைக்குதே, நீங்க ஏன் 480 போடறீங்க?" என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை, ஓரத்தில் பாயின் பச்சைக் கரை. அதைக்கூட விடுங்கள், ஒரு வளையல் சாய்ந்து உள்பக்கம் தெரிந்தது. அந்த முடிப்பு அக்காவுடையது. வேறு யாருக்கும் அப்படி வராது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் கொள்ளை லாபம் அடித்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். பேஸ் வளையல் என்கிற, நூல் சுற்றுவதற்கான வெறும் வளையல், நூல், கல், முத்து, பசை எல்லாம் சேர்த்து 120. அக்காவுக்குக் கூலி கடாவுக்கு 25, மெல்லியதற்கு 10, ஆக 90. டப்பா, பபிள் ராப் 25. தமிழ்நாட்டுக்குள் கூரியர் 60, அது என் தலையில். மீதி 185. அதில்தான் விளம்பரத்துக்குக் கொடுப்பது, அளவு தவறி மாற்றிக் கொடுப்பது, கல் உதிர்ந்தது என்று வருவதற்கு மறுபடி செய்வது, ராத்திரி பதினொரு மணிக்கு "அக்கா வேற கலர் இருக்கா" என்று வருகிற மெசேஜுக்குப் பதில் சொல்வது, எல்லாம் அடங்கும். பொருள் செலவு போக அக்காவுக்கு 280-இல் நிற்பது 160. எனக்கு நிற்பதை விடக் குறைவு, என்னிடம் வாங்கும் 90-ஐ விட அதிகம். அவர் என் நூலை எடுக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். மீதி ரீல் எப்போதும் கணக்காகத் திரும்பி வந்துவிடும். அவரே சவுகார்பேட்டை போய் சாமான் வாங்கி வந்து, சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்றிருக்கிறார். யார் அதைத் தப்பு என்று சொல்லமுடியும்?

நான் சொன்னேன். தப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "அக்கா, என் டிசைனை மட்டும் வெளில குடுக்காதீங்க. மத்தது நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க, நான் கேக்க மாட்டேன்" என்றேன். இதை இப்போது எழுதும்போதும் நியாயமாகத்தான் தெரிகிறது. நான் அவருடைய விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை. பக்கத்துத் தெருவிலேயே 200 ரூபாய் குறைவாக அதே செட் கிடைத்தால் என்னிடம் யார் வாங்குவார்கள், வாங்கவில்லை என்றால் அவருக்குக் கூலி எங்கிருந்து வரும்? அப்போதுதான் அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். மேலாக எழுதும்போது எளிதாகப் போனது. தாமரை ஜிமிக்கி, என்னுது. அரக்கும் தங்கமும் சேர்ந்த கோயில் கடா, அது ஒரு வாடிக்கையாளர் பின்ட்ரெஸ்ட்டில் எடுத்து அனுப்பியது, ஆனால் மாற்றங்கள் நான் செய்தவை, சரி, என்னுது. மயில்கழுத்து வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"ரெண்டு நூலையும் கலந்து சுத்திப் பாருங்கக்கா" என்று நான் சொன்னதாக எனக்கு ஞாபகம். நல்ல ஞாபகம், நான் நின்ற இடம்கூடத் தெரிகிறது. ஆனால் அக்கா முன்பு ஒருமுறை பேச்சுவாக்கில், "அன்னிக்கு நீலம் பத்தலன்னுதானே பச்சையச் சேத்தேன், அது இப்ப எவ்ளோ ஓடுது பாரு" என்று சொல்லியிருக்கிறார். அப்போது நான் மறுக்கவில்லை. யார் சொன்னால் என்ன என்று இருந்தது. பழைய வாட்ஸ்அப்பைத் தோண்டினேன். அவர் அனுப்பிய ஒரு வளையல் படம், கீழே நான், "சூப்பர்க்கா, இதையே பண்ணுங்க." அவ்வளவுதான் இருக்கிறது. நான் சொன்னதைச் செய்து காட்டியிருக்கிறார் என்றும் படிக்கலாம், அவராகச் செய்ததை நான் ஒத்துக்கொண்டேன் என்றும் படிக்கலாம். எத்தனை முறை படித்தாலும் இரண்டுமே பொருந்துகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். டிசைன் சட்டம், 2000. பதிவு செய்தால் 10 வருடம் பாதுகாப்பு, அதற்குப் பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் டிசைன் புதியதாக இருக்கவேண்டும், விண்ணப்பிப்பதற்கு முன்பு எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. இன்ஸ்டாவில் போட்டுவிட்டீர்களா என்றார். போட்டுத்தானே விற்கிறோம். அப்படியென்றால் அந்தப் பேச்சே இல்லை என்றார். ஆக, சட்டப்படி மயில்கழுத்து என்னுடையதும் இல்லை, அக்காவுடையதும் இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும், வரவில்லை. சட்டத்தில் யாருக்கும் இல்லாத ஒன்றை நான் என் கையெழுத்தில் என்னுது என்று எழுதப்போகிறேன் என்பதுதான் உறைத்தது.

எழுதினேன். மயில்கழுத்தையும் சேர்த்துத்தான். அதை விட்டுவிட்டு மற்றதைக் காப்பாற்றி என்ன பயன், ஓடுவதே அது ஒன்றுதான். என் வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், "இதுல என்ன இருக்கு, சாமான், படம், கஸ்டமர் எல்லாம் உன்னுது, அவங்க வேலைக்குக் கூலி வாங்கறாங்க" என்றார். அது சரிதான். கூலி கொடுத்தால் கையிலிருந்து வருவதெல்லாம் எனக்கா என்று கேட்டால் அதுவும் சரிதான் என்று தோன்றுகிறது. கையால் செய்தது என்று என் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறேன். வாங்குகிறவர்கள் அதற்காகத்தான் 480 கொடுக்கிறார்கள்.

அக்கா பட்டியலை வாங்கிப் படித்துப் பார்த்தார், மடித்து நூல் டப்பாவில் வைத்தார். அதற்குப் பிறகு அதில் உள்ள ஒன்றைக்கூட வெளியே விற்கவில்லை. சொன்ன சொல் தவறாத மனுஷி. எனக்கு இன்றும் வேலை செய்கிறார், முன்பை விட ஒழுங்காக, நேரத்துக்கு. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அந்தப் பேச்சால் எனக்கு நன்மைதான் நடந்திருக்கிறது.

ஆனால் இப்போது எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்கிறார். "எந்தக் கலர் பாப்பா? ஓரத்துக்கு என்ன? முத்து எத்தனை?" முன்பெல்லாம் நான் கேட்காமலே நடு ராத்திரியில் ஒரு படம் வரும், "இப்படி ஒண்ணு பண்ணேன், பாரு" என்று. அந்தப் படங்கள் நின்றுவிட்டன. அவராகச் செய்வதை என் பெட்டியில் போட்டால் அது என் பட்டியலில் ஏறிவிடும் என்று நினைக்கிறாரா, இல்லை ஆர்டர் கூடியதால் நேரமில்லையா, தெரியவில்லை. அவருடைய ஸ்டேட்டஸில் இப்போதெல்லாம் பூ ஜடை பில்லைகள் வருகின்றன, ரொம்ப அழகாக இருக்கின்றன. நான் லைக் மட்டும் போடுகிறேன், விலை கேட்பதில்லை.

புதிதாகத் தொழில் ஆரம்பிக்கிறவர்கள் யாராவது கேட்டால், ஆள் சேர்க்கும் முதல் நாளே எது யாருக்கு என்று பேசிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். போன மாதம்கூட ஒரு பெண்ணுக்கு அப்படிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் தோன்றியது, நாங்கள் முதல் நாளே அப்படிப் பேசியிருந்தால் நீலம் பத்தாத அன்றைக்கு அக்கா பச்சையைச் சேர்த்திருப்பாரா? என்னிடம் வந்து நீலம் தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார். பார்த்தீர்களா, எழுதும்போது நானே அவர் சொன்ன கதையைத்தான் எடுத்துக்கொண்டேன். என் ஞாபகம் அதற்காகப் பொய்யாகிவிடாது, நான் சொன்னது எனக்குத் தெரியும்.

மயில்கழுத்து செட் ஒன்றுக்குக் கூலி போகத் தனியாக 30 ரூபாய் தருகிறேன் என்று பொங்கலுக்கு முன்பு அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "எதுக்கு? அது உன் லிஸ்ட்லதானே இருக்கு" என்றார். குத்திச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. மாதக் கணக்கு முடிக்கும்போது அந்தப் பணத்தைச் சேர்த்தே அனுப்புகிறேன், அவரும் திருப்பி அனுப்பவில்லை.