புது ரோட்டுக்கு ரம்பம்

காலையில் போட்ட சிமெண்ட் ரோட்டை ராத்திரியே அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் தம்பி வெட்டுறாங்க?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

கட்டரைத் தள்ளுவதற்கு முன் மேஸ்திரி ஒரு ஆணியால் தரையைக் கீறி, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்த்தார். அந்தக் கீறலில்தான் மொத்த வித்தையும். சீக்கிரம் அறுத்தால் ஓரத்து ஜல்லி பெயர்ந்து வரும். தாமதித்தால் விரிசல் முந்திக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்குச் சில மணி நேரம்தான் அவகாசம். விடியட்டும் என்று தூங்கப் போக முடியாது.

கான்கிரீட் காயக் காயச் சுருங்கும். ராத்திரி குளிர்ந்தால் இன்னும் சுருங்கும். அடித்தளமோ அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். எப்படியும் விரிசல் விடத்தான் போகிறது, எங்கே என்பதைத்தான் இந்த வெட்டால் நாம் சொல்ல முடியும்.

முழுசாக அறுப்பதில்லை. கனத்தில் கால் பாகம் முதல் மூன்றில் ஒரு பாகம் வரை, அவ்வளவுதான். 20 செ.மீ. என்றால் 5 முதல் 7 செ.மீ. மிச்சம் தானாகக் கீழே விரிசல் விடும். அங்கே இரண்டு பக்கத்து ஜல்லியும் ஒன்றையொன்று கவ்வி, வண்டிச் சக்கரத்தின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

பக்கத்துத் தெருவில் பல நாள் கழித்து அறுத்தார்கள். நேர்க்கோடு ஒருபக்கம், ஒரு சாண் தள்ளி விரிசல் கோணல்மாணலாக இன்னொரு பக்கம். வெட்டுக்கூலி மட்டும் பில்லில் ஏறியிருக்கும்!

இனி இந்த வெட்டுகளில் சீலன்ட் என்ற அடைப்புப் பசையை நிரப்ப வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் இறங்கி அடியை அரிக்கும். அது எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதை இன்ஜினியர்கிட்ட கேளுங்க சார்" என்றார் மேஸ்திரி.

சரி, கேட்டுவிடுவோம்.