கதவின் கீல் பக்கம்

எங்கள் நாய் ஜிம்மிக்கு 14 வயது. போன வருஷம் மே மாதம் ஒரு நாள் காலை, வாக்கிங் போகச் சங்கிலியை எடுத்தேன். வழக்கம்போலக் கதவுக்கு வந்தான். ஆனால் திறக்கும் பக்கம் நிற்காமல் கீல் பக்கம் போய், அந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். கதவைத் திறந்தும் சுற்றி வெளியே வரத் தெரியவில்லை. மும்பை செம்பூர் வீட்டில் குட்டியிலிருந்து அவன் பார்த்த அதே கதவு.

அடுத்தது ராத்திரி. இரண்டு மணிக்கு எழுந்து ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பான், சுவரைப் பார்த்துக் குரைப்பான். பகலெல்லாம் தூக்கம். வீட்டுக்குள் ஒருநாளும் மூத்திரம் போகாதவன், பூஜை அலமாரி முன்னால் போய்விட்டான். அம்மா திட்டவில்லை. "என்னடா கண்ணா ஆச்சு உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே துடைத்தாள்.

முதலில் பார்த்த டாக்டர், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதில் மூன்று மாதம் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது டாக்டர் ரத்தம், மூத்திரம், பிரஷர், கண், காது, மூட்டு எல்லாம் பார்த்தார். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, மூத்திரத் தொற்று, பார்வை மங்குவது, எதுவானாலும் நாய் இப்படி நடந்துகொள்ளலாமாம். அவற்றையெல்லாம் தள்ளிய பிறகுதான் மறதி நோய் என்று சொல்ல முடியும் என்றார். நமக்கு வரும் அல்சைமர் மாதிரியே, நாயின் மூளையிலும் பீட்டா அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. ஜிம்மிக்கு இடுப்பு மூட்டு வலியும் சேர்ந்திருந்தது.

மறதி நோய்க்குக் காலையில் செலிஜிலின் என்ற மாத்திரை. பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம் என்றார். "வேற என்ன மாத்திரை குடுக்கறீங்க?" என்று கேட்டார். பழைய டாக்டர் கொடுத்த டிரமடால் என்ற வலி மாத்திரையின் அட்டையைக் காட்டினேன். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று அதை நிறுத்தி, மூட்டுக்கு வேறு மருந்து கொடுத்தார். அட்டையைக் கையோடு எடுத்துப் போனது நல்லதாயிற்று. நீங்களும் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மிச்சமெல்லாம் வீட்டில்தான். வழுக்கும் டைல்ஸ் மேல் ரப்பர் பாய் விரித்தோம். ராத்திரி ஹாலில் சின்ன விளக்கு. சாப்பாடும் நடையும் தினமும் ஒரே நேரத்தில். சாயங்காலம் பழைய துண்டில் பிஸ்கெட்டைச் சுருட்டி வைத்து மோப்பம் பிடிக்க விடுவோம். தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறேன் என்று சோபாவை இடம் மாற்றியது என் தப்பு. அன்று ராத்திரி அதன் பின்னால் மாட்டிக்கொண்டு, பின்னோக்கி நகர்ந்து வெளியே வரத் தெரியாமல் நடுங்கிக்கொண்டு நின்றான். காலையிலேயே பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன்.

சத்தம் தாங்காமல் எங்கள் குடியிருப்பின் செக்ரட்டரியிடம் புகார் சொல்லியிருந்த கீழ்வீட்டு காகூவிடம் (மராத்தியில் சித்தி) நேரில் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மாமியாருக்கும் மறதி நோய் இருந்ததாம். அதற்குப் பிறகு புகார் இல்லை. லிஃப்ட்டில் பார்த்தால் முதலில் ஜிம்மியைத்தான் விசாரிக்கிறார்.

இப்போது பெரும்பாலான ராத்திரிகள் தூங்குகிறான். முழுக்கக் குணமாகாது என்று தெரியும். கதவின் கைப்பிடியில் அம்மாவின் பழைய புடவைத் துண்டைக் கட்டியிருக்கிறோம், வாசனை பிடித்து வரட்டும் என்று. நேற்று சரியான பக்கம் வந்து நின்றான். இன்று காலை மறுபடி கீல் பக்கம். நான் குனிந்து, கழுத்தடியில் கை கொடுத்து, மெதுவாகத் திருப்பி அழைத்துப் போனேன்.